மேலே பாட்டு, கீழே குரல்: படத்தோடு ஒலி சேர்ந்த வரலாறு



இன்று எமது வீடுகளில் வீடியோ எடுக்காத பிள்ளை இல்லை. பிறந்தநாள், அரங்கேற்றம், கலியாணவீடு, கோயில் தேர் என்று எதை எடுத்தாலும், அன்றிரவே கணனியிலோ கைத்தொலைபேசியிலோ வெட்டி ஒட்டி, பின்னணியில் ஒரு பாட்டையும் போட்டு உறவினருக்கு அனுப்பிவிடுகிறார்கள். நல்ல விடயம்தான். ஆனால் பாட்டைப் போட்ட அந்தக் கணத்தில், படத்தின் சொந்த ஒலிக்கு என்ன நடந்தது என்று யாராவது யோசிக்கிறோமா? அம்மம்மா பேரப்பிள்ளையைக் கூப்பிட்ட விதம், பெரியப்பா அடித்த பகிடி, சமையல்கட்டில் மாமிமார் கதைத்த கதை எல்லாம் அந்தப் பாட்டுக்குக் கீழே அமிழ்ந்து போயிருக்கும். அல்லது அடியோடு அழிந்தே போயிருக்கும்.

இந்தச் சிக்கல் எங்களுடைய பிள்ளைகளோடு தொடங்கியதல்ல. படத்தோடு ஒலியைச் சேர்ப்பது எப்படி, சேர்த்த ஒலியைத் திருத்துவது எப்படி, ஒன்றைச் சேர்க்கும்போது மற்றதை இழக்காமல் இருப்பது எப்படி என்று 130 வருடங்களாக மனிதர்கள் மல்லுக்கட்டி வந்திருக்கிறார்கள். அந்த வரலாற்றைத்தான் இந்த மாதப் பேச்சில் பார்க்கப் போகிறோம். புதிதாக வீடியோ செய்யப் பழகுபவர்களுக்கு இதில் பாடமும் உண்டு. அலுமாரியில் பழைய ஒளிநாடாக்களை வைத்திருப்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தியும் உண்டு.

நூறு வருடம் பிரிந்திருந்த படமும் ஒலியும்

தோமஸ் எடிசன் 1877இல் ஒலியைப் பதியும் கருவியை உருவாக்கினார். பின்னர் அவருடைய கூடத்தில் அசையும் படத்தை உருவாக்கும் வேலையும் நடந்தது. அந்த வேலையில் முன்னின்றவர் டபிள்யூ. கே. எல். டிக்சன். 1894ஆம் 95ஆம் ஆண்டுகளை ஒட்டி அவர் ஒரு பரிசோதனை செய்தார். பெரிய கூம்பு ஒன்றின் முன்னால் நின்று அவர் வயலின் வாசிக்க, பக்கத்தில் இரண்டு ஆண்கள் சோடி சேர்ந்து ஆட, அதைப் படமாகவும் எடுத்தார்கள், ஒலியை மெழுகு உருளையிலும் பதிந்தார்கள். படத்தின் நீளம் 20 விநாடி கூட இல்லை.

பிறகு நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. படச்சுருள் ஓரிடத்துக்குப் போனது, உருளை வேறிடத்தில் கிடந்தது. படத்தைப் பார்த்தவர்களுக்கு ஒலி இல்லை, உருளையை வைத்திருந்தவர்களுக்குப் படம் இல்லை. உருளை உடைந்தும் போனது. ஆனால் அதனோடு ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தார்கள். அந்தக் குறிப்பை வைத்தே அது எந்தப் படத்துக்கு உரிய ஒலி என்று பிற்காலத்தில் ஆய்வாளர் அடையாளம் கண்டார்கள். 1990களின் இறுதியில் உடைந்த உருளையைத் திருத்தி அதன் ஒலியை எடுத்தார்கள். 2000ஆம் ஆண்டில் ஹொலிவூட்டின் பெயர்பெற்ற ஒலித் தொகுப்பாளர் வோல்ட்டர் மேர்ச், கணனியின் உதவியோடு அந்த ஒலியையும் படத்தையும் பொருத்தினார். வில் அசைவதும் வயலின் ஒலிப்பதும் ஒன்றாயின. நூறு வருடத்துக்கு மேல் பிரிந்திருந்த இரண்டு துண்டுகள் மீண்டும் சேர்ந்தன. எழுதிவைத்த ஒரு சிறு துண்டுக் குறிப்பின் பெறுமதி இவ்வளவு.

ஊசி துள்ளினால் கதை கெட்டது

பேசாப்படக் காலத்திலும் கொட்டகைகள் மௌனமாக இருக்கவில்லை. திரைக்கு முன்னால் பியானோ வாசிப்பவரோ ஒரு வாத்தியக் குழுவோ இருந்து, காட்சிக்கு ஏற்ப வாசித்தார்கள். தமிழ்நாட்டுக் கொட்டகைகளில் கதையை உரத்து விளக்கிச் சொல்லவும் ஆட்கள் இருந்தார்கள். ஒவ்வொரு காட்சிக்கும் ஒலி புதிதாகப் பிறந்தது, காட்சி முடிந்ததும் மறைந்தது.

1926இல் வோர்னர் நிறுவனம் "வைட்டாபோன்" என்ற முறையைக் கொண்டுவந்தது. 1927 ஒக்டோபர் 6ஆம் திகதி நியூயோர்க்கில் திரையிடப்பட்ட "த ஜாஸ் சிங்கர்" இந்த முறையில்தான் பாடியது, சில இடங்களில் பேசியது. படத்தின் ஒவ்வொரு சுருளுக்கும் 16 அங்குல இசைத்தட்டு ஒன்று. தட்டு நிமிடத்துக்கு 33⅓ தடவை சுழலும், ஏறக்குறைய 11 நிமிடம் ஓடும். படம் காட்டும் இயந்திரமும் தட்டுச் சுழற்றும் மேசையும் ஒரே மோட்டாரில் பூட்டப்பட்டிருந்தன.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஊசி ஒரு தடவை துள்ளினால் நாயகி வாய் திறக்க நாயகனின் குரல் வரும். படச்சுருள் அறுந்து நாலு சட்டம் போனால், அதே நீளத்துக்குக் கறுப்புப் பிலிம் ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டால் அதன் பிறகு எல்லாமே தவறிவிடும். படத்தை வெட்டலாம், தட்டை எப்படி வெட்டுவது? ஆகவே ஒலியைத் திருத்துவது என்பது கிட்டத்தட்ட முடியாத காரியமாக இருந்தது.

இதற்கு மாற்று வழி ஒளியில் இருந்தது. ஒலியின் ஏற்ற இறக்கத்தை ஒளியின் ஏற்ற இறக்கமாக மாற்றி, அதைப் பிலிமின் ஓரத்திலேயே கோடாகப் பதிந்தார்கள். ஜேர்மனியில் ஃபோக்ட், ஏங்கல், மசோல் என்ற மூவர் இம்முறையில் எடுத்த படங்களை 1922 செப்டெம்பரில் பேர்லினில் திரையிட்டார்கள். அமெரிக்காவில் லீ டி ஃபொரஸ்ட் 1923இல் காட்டினார். இப்பொழுது படமும் ஒலியும் ஒரே சுருளில் இருந்தன. பிலிமை வெட்டினால் ஒலியும் வெட்டுப்படும், ஒட்டினால் ஒலியும் ஒட்டும். ஒலித்தொகுப்பு என்ற தொழில் இங்கேதான் வேர்விட்டது. பேச்சு ஒரு சுருள், இசை ஒரு சுருள், கதவுச் சத்தம், மழைச் சத்தம் இன்னொரு சுருள் என்று தனித்தனியாக வைத்து, கடைசியில் ஒன்றாகக் கலக்கும் முறை 1930களில் வளர்ந்தது. பேச்சு வரும்போது இசையைத் தாழ்த்து, பேச்சு முடிந்ததும் உயர்த்து என்ற பழக்கமும் அப்போதே வந்துவிட்டது. இன்று உங்கள் கணனித் திரையில் ஒன்றின்கீழ் ஒன்றாகத் தெரியும் தடங்கள் அந்தச் சுருள்களின் வாரிசுகள்தான்.

தமிழில் பேசியதும் பாடியதும்

இந்தியாவின் முதல் பேசும்படம் "ஆலம் ஆரா" 1931 மார்ச் 14ஆம் திகதி பம்பாயில் வெளியானது. அர்தேஷிர் இரானி எடுத்த படம். படப்பிடிப்புத் தளத்துக்கு அருகே ரயில் பாதை ஓடியது. ஒலி புகாத கூடம் அப்போது இல்லை. எனவே ரயில் ஓட்டம் குறைந்த நள்ளிரவுக்குப் பிறகே பெரும்பாலும் படம் பிடித்தார்கள். அதே ஆண்டு ஒக்டோபர் 31ஆம் திகதி, எச். எம். ரெட்டியின் இயக்கத்தில் டி. பி. ராஜலக்ஷ்மி நடித்த "காளிதாஸ்" சென்னையில் வெளியானது. அதுவே தமிழ் பேசிய முதல் முழுநீளப் படம். தெலுங்கும் அதில் கலந்திருந்தது. இந்த இரண்டு படங்களின் பிரதியும் இன்று எங்கும் இல்லை என்பது எல்லோரும் கவலைப்பட வேண்டிய விடயம்.

அக்காலத்தில் நடிகரே பாட வேண்டும், அதுவும் கமரா ஓடும்போதே பாட வேண்டும். வாத்தியக்காரர்கள் மரத்தின் பின்னாலும் திரைச்சீலையின் மறைவிலும் ஒளிந்திருந்து வாசித்தார்கள். 1935இல் கல்கத்தாவின் நியூ தியேட்டர்ஸ் நிறுவனம் எடுத்த படத்தில், பாட்டை முன்னதாகவே பதிந்து, அதை ஒலிக்கவிட்டு நடிகரை வாயசைக்கச் செய்தார்கள். வங்காளியில் "பாக்ய சக்ர", இந்தியில் "தூப் சாவோன்" என்று வெளியான அப்படத்தை இயக்கியவர் நிதின் போஸ். தமிழுக்குப் பின்னணிப் பாடல் வந்தது ஏ. வி. மெய்யப்பச் செட்டியாரின் "நந்தகுமார்" படத்தோடு, 1938இல். அதே மெய்யப்பன், 1945இல் வெளியான "ஸ்ரீவள்ளி"யில், நாயகி ருக்மணி பாடி நடித்த பாடல்களை எடுத்துவிட்டு, பி. ஏ. பெரியநாயகியின் குரலைப் பிறகு பதித்து வாயசைவுக்குப் பொருத்தினார். எடுத்து முடித்த படத்தின் ஒலியை மாற்றலாம் என்பதைத் தமிழ் ரசிகர்கள் காதால் கேட்டு அறிந்த சந்தர்ப்பம் அது. படம் பெருவெற்றி பெற்றது. ஆனால் ருக்மணி அன்று பாடியது எப்படி இருந்தது என்று அறிய ரசிகனுக்கு வழி இல்லாமல் போயிற்று. புதிய ஒலி வந்தால் பழைய ஒலி போகும் என்பது அக்காலத்துச் சட்டம்.

நாடாவும் பிளேடும்

இந்தச் சட்டத்தைத் தளர்த்தியது காந்த நாடா. ஃபிரிட்ஸ் ஃபுளோய்மர் என்பவர் 1928இல் ஜேர்மனியில், கடதாசியில் இரும்புத் தூளைப் பூசி ஒலி பதியும் முறைக்கு உரிமம் பெற்றார். 1935இல் பேர்லின் வானொலிக் கண்காட்சியில் "மக்னெற்ரோபோன்" இயந்திரம் அறிமுகமானது. யுத்தம் முடிந்தபோது, 1945இல், ஜக் மலின் என்ற அமெரிக்க இராணுவப் பொறியியலாளர் ஜேர்மனியிலிருந்து அத்தகைய இரண்டு இயந்திரங்களையும் 50 நாடாச் சுருள்களையும் பகுதி பகுதியாகப் பொதி செய்து வீட்டுக்கு அனுப்பினார். பாடகர் பிங் க்ரொஸ்பி 1947இல் தமது வானொலி நிகழ்ச்சியை நாடாவில் பதிந்து, வெட்டித் தொகுத்து ஒலிபரப்பத் தொடங்கினார். அதன்பின் உலக வானொலிகள் எல்லாம் அந்த வழியில் போயின.

எமது மூத்த அறிவிப்பாளர்கள் பலரும் இந்த நாடாவில்தான் தொழில் பழகினார்கள். அதன் கணக்கு மிக எளிது. நாடா விநாடிக்கு 19 சென்ரிமீற்றர் வேகத்தில் ஓடினால், பேச்சாளர் அரை விநாடி தயங்கியது கையில் ஏறத்தாழ 10 சென்ரிமீற்றர் நாடா. அதைக் கண்ணால் அளந்து, பிளேட்டால் வெட்டி எடுத்துவிடலாம். வெட்டும்போது நேர்குத்தாக வெட்டாமல் சரிவாக வெட்டுவார்கள். நேராக வெட்டினால் ஒட்டுமிடத்தில் "டக்" என்று சத்தம் கேட்கும். சரிவாக வெட்டினால் ஓர் ஒலி தேய்ந்து மற்றது வளரும். இன்று மென்பொருளில் ஒரு துண்டை மற்றதன்மேல் சற்றே ஏற்றி மெல்லக் கலக்கிறீர்களே, அது அந்தச் சரிவு வெட்டின் பேரன்.

இங்கே இன்னொருவரையும் நினைக்க வேண்டும். ஸ்டெஃபான் குடெல்ஸ்கி 1929இல் வார்சோவில் பிறந்தவர். 1939இல் யுத்தம் மூண்டபோது அவருடைய குடும்பம் போலந்தை விட்டு ஓடியது. ஹங்கேரி, பிரான்ஸ் என்று அலைந்து, 1943இல் சுவிற்சர்லாந்தில் அடைக்கலம் புகுந்தது. லோசானில் மாணவனாக இருந்த குடெல்ஸ்கி 1951இல் தோளில் கொண்டு திரியக்கூடிய ஒலிப்பதிவுக் கருவி ஒன்றைச் செய்தார். அதற்குத் தமது தாய்மொழியில் "நக்ரா" என்று பெயரிட்டார். போலிஷ் மொழியில் "பதியும்" என்று அர்த்தம். பிற்காலத்தில் கமராவோடு வேகம் பொருந்தி ஓடும் வசதியும் அதற்கு வந்தது. முப்பது வருடங்களுக்கு மேலாக உலகச் சினிமாவும் வானொலியும் நம்பியிருந்த கருவி நக்ராதான். ஹொலிவூட் அவருக்கு ஒஸ்கார் விருதுகள் கொடுத்தது. பொறியியலாளர்கள் இன்றும் அந்தக் கருவியை ஓர் அகதிப் பிள்ளை தன் சொந்த மொழியில் வைத்த பெயரால்தான் அழைக்கிறார்கள்.

வீட்டு ஒளிநாடாவில் நடந்தது

இப்போது எமது அலுமாரிக்கு வருவோம். 1976இல் ஜே.வி.சி. நிறுவனம் வி.எச்.எஸ். ஒளிநாடாவை வெளியிட்டது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் நாம் புதிய நாடுகளில் கால் ஊன்றியபோது, கலியாணம், பூப்புனித நீராட்டு, அந்தியேட்டி எல்லாம் இந்த நாடாவில்தான் பதிவாகி ஊருக்கும் உறவுக்கும் போயின.

அதன் ஒலி ஏன் மந்தமாகக் கேட்கிறது? சாதாரண வி.எச்.எஸ். நாடாவின் ஓரத்தில் ஒடுங்கிய ஒரு தடத்தில்தான் ஒலி பதியப்படுகிறது. ஐரோப்பிய முறையில் நாடா ஓடும் வேகம் விநாடிக்கு 2.34 சென்ரிமீற்றர். நாம் பாட்டுக் கேட்ட ஒலிப்பேழையின் வேகம் 4.76 சென்ரிமீற்றர். அதில் பாதிகூட இல்லை. வேகம் குறையக் குறைய ஒலியின் தெளிவும் குறையும்.

இந்த ஓரத் தடத்தைத் தனியாக அழித்துப் புதிய ஒலியைப் பதியும் வசதி பல இயந்திரங்களில் இருந்தது. "ஓடியோ டப்" என்று எழுதிய பொத்தான் அதுதான். அதை அழுத்தினால் படம் அப்படியே இருக்கும், குரல் போய்ப் பாட்டு வரும். கலியாண வீடியோக்களில் தாலிகட்டு முதல் விருந்து வரை ஒரே சினிமாப் பாட்டாக இருப்பதன் காரணங்களில் ஒன்று இது.

நல்ல செய்தி இனித்தான். 1984 முதல் "ஹைஃபை" என்ற முறை வி.எச்.எஸ்.க்கு வந்தது. இதில் ஒலி ஓரத்தில் மட்டும் பதியப்படுவதில்லை. சுழலும் தலைகள் ஒலியை முதலில் நாடாப் பூச்சின் ஆழத்தில் பதிய, அதன்மேல் மேலோட்டமாகப் படம் பதியப்படுகிறது. படத்தை அழிக்காமல் அந்த ஆழத்து ஒலியை அழிக்க முடியாது. ஆகவே ஹைஃபை இயந்திரத்தில் பதிந்த ஒரு நாடாவின்மேல் யாராவது பிற்பாடு பாட்டை டப் செய்திருந்தால், ஓரத்தில் பாட்டு இருக்கும், படத்தின் கீழே பழைய குரல்கள் அப்படியே இருக்கும். ஹைஃபை இயந்திரத்தில் போட்டு, ஒலித் தெரிவை "நோர்மல்" என்பதிலிருந்து "ஹைஃபை" என்பதற்கு மாற்றிப் பாருங்கள். எல்லா நாடாவிலும் இது கிடைக்காது. ஓரத் தடம் மட்டும் உள்ள கமராவில் எடுத்ததாக இருந்தால், டப் செய்த இடத்தில் பழைய ஒலி போனது போனதுதான். பாட்டுக் கலந்தபின் எடுத்த பிரதியிலும் கிடைக்காது. ஆனால் சோதிக்காமல் எறிந்துவிடாதீர்கள்.

மற்ற நாடாக்களுக்கும் குணம் உண்டு. 1985இல் வந்த வீடியோ 8 நாடாவில் வழமையான ஒலி படத்தோடு சேர்ந்தே பதியப்படுவதால் அதைத் தனியாக மாற்ற முடியாது. எனவே கலியாண வீடியோவின் மூலநாடா அந்த வகையாக இருந்து, அது இன்னும் யாரிடமாவது இருந்தால், குரலும் இருக்கும். 1995இல் வந்த மினி டி.வி. நாடாவில், 12 பிற் முறையில் பதிந்தால் இரண்டு சோடி ஒலித்தடங்கள் கிடைக்கும். முதற் சோடியில் கமரா கேட்ட ஒலி, இரண்டாவது சோடி பின்னர் இசை சேர்ப்பதற்காக. கமராவின் மெனுவில் எந்தச் சோடி ஒலிக்க வேண்டும் என்று தெரிவு செய்யலாம்.

இந்த நாடாக்களுக்கு இனிக் காலம் அதிகமில்லை. கடைசியாக வி.எச்.எஸ். இயந்திரம் செய்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது. நாடா கெட்டுப்போக முன்னரே, அதைப் போட்டுப் பார்க்க இயந்திரம் இல்லாமல் போகலாம்.

கணனி தந்த மன்னிப்பு

1999இல் ஐமூவி, 2000இல் விண்டோஸ் மூவி மேக்கர், அதே 2000இல் இலவச ஒலித்தொகுப்பு மென்பொருளான ஓடாசிற்றி என்று வந்தபோது, கலையகத்து வேலை வீட்டு மேசைக்கு வந்தது. மூவி மேக்கர் 2017இல் விடைபெற்றுவிட்டது. ஓடாசிற்றி இன்றும் இருக்கிறது. இவை கொண்டுவந்த பெரிய மாற்றம் என்னவென்றால், நீங்கள் வெட்டுவது மூலத்தை அல்ல. எங்கே தொடங்குவது, எங்கே நிறுத்துவது, எவ்வளவு சத்தம் என்ற குறிப்புகளைத்தான் வீடியோ மென்பொருள் எழுதிக்கொள்கிறது. பிளேட்டால் வெட்டியவனுக்குக் கிடைக்காத மன்னிப்பு இது. ஆனால் வேலை முடித்து இறுதி வீடியோவாக வெளியே எடுத்ததும், தடங்கள் எல்லாம் சோற்றில் கலந்த உப்புப்போல ஒன்றாகிவிடும். பிறகு பிரிப்பது கடினம். மூலத்தை அழித்துவிட்டு இறுதி வீடியோவை மட்டும் வைத்திருப்பவர், ஓடியோ டப் பொத்தானை அழுத்தியவர் செய்ததையேதான் செய்கிறார்.

ஆகவே புதிதாகத் தொடங்கும் இளையோருக்கு, இந்த 130 வருட அனுபவத்திலிருந்து சில குறிப்புகள்.

முதலாவது, மூலக் கோப்பைத் தொடாதீர்கள். அதன் ஒலியை மட்டும் தனியாக "வேவ்" கோப்பாக எடுத்து, இரண்டு இடங்களில் வையுங்கள். யார், எங்கே, எந்த ஆண்டு, யாருடைய குரல் என்று தமிழில் எழுதி வையுங்கள். டிக்சனின் உருளையை மீட்டது அப்படி ஒரு குறிப்புத்தான்.

இரண்டாவது, முதலில் பேச்சைத் தொகுத்து முடியுங்கள், பிறகு இசையைப் போடுங்கள். வார்த்தையின் நடுவில் வெட்டாமல், மூச்சு விடும் இடத்தில் வெட்டுங்கள்.

மூன்றாவது, குரல் இருக்கும் இடத்தில் இசை தாழ வேண்டும். குரலைவிட 12 முதல் 20 டெசிபல் வரை குறைவாக வையுங்கள். வரிகள் உள்ள பாட்டைவிட வெறும் வாத்திய இசை நல்லது. பேச்சின் சொல்லும் பாட்டின் சொல்லும் ஒன்றோடொன்று மோதும்.

நான்காவது, இசையைச் சடாரென்று தொடங்காமலும் நிறுத்தாமலும், ஒன்றிரண்டு விநாடியில் மெல்ல எழவும் அடங்கவும் விடுங்கள். படம் பிடிக்கும்போதே, ஒருவரும் பேசாத அறையின் ஒலியைப் பத்து விநாடி பதிந்து வையுங்கள். வெட்டிய இடைவெளிகளை நிரப்ப அது உதவும்.

ஐந்தாவது, சினிமாப் பாட்டுக்கு உரிமையாளர் உண்டு. அதைச் சேர்த்து இணையத்தில் ஏற்றினால், சில வேளைகளில் வீடியோவின் ஒலி முழுவதுமே மௌனமாக்கப்படும். பாட்டோடு சேர்ந்து தாத்தாவின் குரலும் போகும். வீட்டில் யாராவது வீணையோ வயலினோ மிருதங்கமோ பழகினால் அவர்களை வாசிக்கச் சொல்லிப் பதியுங்கள்.

இதெல்லாம் பெரிய பெரிய நிறுவனங்களின் சுவடிக் கூடங்களுக்கு உரிய வேலை என்று எண்ண வேண்டாம். 1995 ஒக்டோபரில் வலிகாமத்தை விட்டு வெளியேறியவர்கள் எதை எடுத்துக்கொண்டு வந்தார்கள், எதை விட்டுவிட்டு வந்தார்கள் என்பது எமக்குத் தெரியும். பல குடும்பங்களுக்கு அல்பங்கள் இல்லை, உறுதிகள் இல்லை, வீடே இல்லை. ஓர் ஊரின் பேச்சு எப்படி இருந்தது, ஒரு தாலாட்டை எந்த மெட்டில் பாடினார்கள், வயலுக்கும் குளத்துக்கும் என்ன பெயர் சொன்னார்கள் என்பதற்கு இன்று மிஞ்சியிருக்கும் சாட்சி, ஏதோ ஒரு பிறந்தநாள் வீடியோவில் பின்னால் கதைத்துக்கொண்டிருக்கும் ஒரு கிழவியின் குரலாக இருக்கலாம். படத்தில் அவர் முகம் கூடத் தெரியாமல் இருக்கலாம். பிள்ளையைத்தானே கமரா பார்த்தது!

எனவே பாட்டைப் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. பாட்டு மேலே இருக்கட்டும். கீழே இருக்கும் குரலை மட்டும் அழித்துவிடாதீர்கள். இந்த வாரஇறுதியில் ஒரு நாடாவை, ஒரேயொரு நாடாவை, எடுத்துத் துடைத்து, வீட்டில் மூத்தவர்களைப் பக்கத்தில் இருத்திப் போட்டுக் கேளுங்கள். யாருடைய குரல் என்று அவர்கள் சொல்லச் சொல்ல எழுதுங்கள். அவர்களும் இல்லாமற்போனால் அந்தக் குரல்களுக்குப் பெயர் சொல்ல ஆளிருக்காது.